கால்வாய்ப் படகும் அதன் காப்பும்

நிலத்தின்மேல் கட்டிய வீட்டில் வாழ்பவன் இரவில் கதவைத் தாழிட்டுப் படுத்தால் விடியுமளவும் கவலையின்றி உறங்கலாம். கூரையில் ஓர் ஓடு பெயர்ந்திருந்தாலும், சுவரில் சிறு வெடிப்புக் கண்டிருந்தாலும், அடுத்த திங்கள் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைப்பதால் பெருந்தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. நீரின்மேல் மிதக்கும் வீட்டில் வாழ்பவன் நிலை அத்தகையதன்று. அவன் உறங்கும்போதும் நீர் உறங்குவதில்லை. ஊசி நுழையும் துளை கிடைத்தால் போதும். அஃது உள்ளே வந்துவிடும். வந்த நீர் தானே வெளியேறுவதும் இல்லை.

இத்தகைய மிதக்கும் வீடுகள் இங்கிலாந்து நாட்டின் கால்வாய்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை அந்நாட்டார் 'நாரோபோட்' என்பர். ஒடுங்கிய படகு என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப, 70 அடி வரை நீண்டு கிடக்கும் படகுக்கு அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவே. நம் நாட்டு இரயில் பெட்டி ஒன்றின் நீளம். அகலமோ அப்பெட்டியின் அகலத்தில் மூன்றில் இரு பங்கு. இவ்வாறு ஒடுக்கிக் கட்டியதற்குக் காரணம் கால்வாயேயாகும். 1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர்க் கால்வாய் திறக்கப்பெற்றது. அதனை அமைத்த பொறியாளருள் தலைசிறந்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பவர். அவர் பின்னர் வெட்டிய கால்வாய்களில், மேடுபள்ளங்களைப் படகு கடப்பதற்காகக் கட்டிய நீரடைப்புகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் அமைத்தார். அவ்வடைப்புக்குள் நுழையாத படகால் அங்குப் பயனில்லையன்றோ? ஆதலின் படகுகளும் அவ்வளவுக்கு அடங்கின.

முற்காலத்தில் இப்படகுகளைக் குதிரைகள் கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்தன. நிலக்கரியும் மட்பாண்டமும் தானியமும் அவற்றில் சென்றன. இரயில் வந்தது, வாணிகம் நலிந்தது. 1948ஆம் ஆண்டில் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1963ஆம் ஆண்டு வரை நீடித்த கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தமையால், எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரவும் பெரும்பாலும் ஒழிந்தது. எனினும் கால்வாய்கள் அழியவில்லை. 2012ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பேணிவருகிறது. முன்பு கரி சுமந்த படகுகளின் வடிவிலேயே இன்று வீடுகள் மிதக்கின்றன.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அந்நாட்டில் பணிசெய்கிறார். வீட்டு வாடகை கொடுத்து மாளாமல், 57 அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கி அதனையே இல்லமாகக் கொண்டார். 2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு கிழமை அப்படகில் அவருடன் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இலக்கணம் கற்பித்த நான் அங்கு மாணவனானேன், அவர் ஆசிரியரானார். இக்கட்டுரையில் யான் கூறுவன பெரும்பாலும் அவர் கற்பித்தவையே.

முதல் நாள் மாலை படகைக் கரையில் கட்டியதும் அவர் உள்ளே சென்று கைகழுவுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பின்புறத்துப் பலகையைத் தூக்கிக் கீழே இறங்கினார். பித்தளைக் குப்பி போன்ற ஒன்றன் தலையிலிருந்த பிடியை இருமுறை திருகினார். "இஃதென்ன?" என்றேன். "ஐயா, இதைத் திருகாமல் நான் உறங்குவதில்லை" என்றார்.

செய்தி இதுதான். படகை முன்னே தள்ளும் உந்துவிசிறி நீருக்குள் இருக்கிறது. அதனைச் சுழற்றும் இயந்திரமோ படகுக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு படகின் உடலைத் துளைத்துக்கொண்டே வெளியே சென்றாகவேண்டும். ஆகவே நீர் புகுவதற்கு ஒரு துளையை நாமே இட்டுத் தருகிறோம். அத்துளையை இறுக அடைத்தால் தண்டு சுழலாது. தளர விட்டால் நீர் வரும். இவ்விரு தீங்குக்கும் இடையில் ஒரு வழி கண்டார்கள். தண்டைச் சூழ்ந்த குழாயில், மசகு தோய்ந்த திரிகளை வளையம் வளையமாகச் சுற்றி, ஒரு மூடியால் அழுத்திவைப்பர். பித்தளைக் குப்பியிலிருந்து 'கிரீஸ்' என்னும் கெட்டி மசகு குழாய்க்குள் சென்று எஞ்சிய இடுக்குகளை அடைக்கும். பகலெல்லாம் தண்டு சுழல்வதால் மசகு சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். மாலையில் கை தடுக்கும்வரை திருகி அதனை ஈடுசெய்தல் வேண்டும். தண்டு சுழலும்போது ஓரிரு துளி சொட்டுதல் குற்றமன்று. அத்துளி திரியைக் குளிர்விக்கும். படகு நின்றபின்னும் சொட்டுமாயின் திரியை அழுத்தும் மூடியின் மரைகளைச் சிறிதே இறுக்கவேண்டும். இரு பக்கமும் ஒத்த அளவாக இறுக்கவேண்டும். அளவு மீறினால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். இறுக்கியும் பயனில்லையேல் திரி பழையதாயிற்று என்று அறிந்து புதிது சுற்றவேண்டும்.

இனிப் படகின் உடலைப் பற்றிக் கூறுவேன். நம் சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒருகாலத்தில் மரப்படகுகள் உப்பும் விறகும் சுமந்து சென்றதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரப்படகுக்கு உயிர் அதன் சந்துகளில் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சையோ நாரையோ திணித்துக் கீலும் குங்கிலியமும் பூசி நீர் புகாமல் அடைப்பதைக் 'கலப்பற்று' என்பர். இங்கிலாந்தின் பழைய படகுகளும் மரத்தால் ஆனவையே. அவற்றுக்கும் இவ்வாறே அடைப்பு வேலை நடந்தது. இன்றைய படகுகளோ எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்படுவன. அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்த் தடிப்பும், பக்கத்தகடு 6 மில்லிமீட்டர்த் தடிப்பும் உடையவை. எஃகில் சந்து இல்லை. ஆனால் துரு உண்டு.

துரு எல்லா இடத்தும் ஒரே அளவாகப் பிடிப்பதில்லை. நீருக்குள் ஆழ்ந்த பகுதியைக் காட்டிலும், நீரும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பை ஒட்டிய பட்டையில்தான் அது மிகுதியாகப் பிடிக்கும். துருவுக்கு நீரும் வேண்டும், காற்றிலுள்ள உயிர்வளியும் வேண்டும்; இரண்டும் தாராளமாகக் கிடைக்குமிடம் அதுவே. நீரடைப்புச் சுவர்களில் உராய்ந்து பூச்சு முதலில் உரிவதும் பெரும்பாலும் அப்பட்டையிலேயே. எனவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை உலர்துறையில் ஏற்றி, நீரைப் பீய்ச்சிப் பாசியையும் சேற்றையும் கழுவி, துருவைச் சுரண்டி, நன்கு உலர்ந்தபின் நிலக்கீலை இரண்டு மூன்று முறை பூசுவர். இதனைக் 'கருமை பூசுதல்' என்றே வழங்குகின்றனர். ஈரம் முற்றும் உலராமல் பூசினால் அடுத்த ஆண்டே ஏடு ஏடாக உரியும். இக்காலத்தில் இருகலவைப் பிசின் பூச்சு ஒன்றும் உண்டு. அதற்கு விலை மிகுதி, நெடுநாள் நிற்கும். ஆயினும் பழைய நிலக்கீலின்மீது அது பற்றாது. உலோகம் தெரியச் சுரண்டிய பிறகே பூசவேண்டும்.

பூச்சு மட்டும் போதுமோ? போதாது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், அவ்விடத்தில் துரு குழி தோண்டத் தொடங்கும். இதனைத் தடுப்பதற்குப் படகின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, மெக்னீசியக் கட்டிகளைப் பற்றவைத்திருப்பார்கள். முதன்முதல் உலர்துறையில் அவற்றைக் கண்ட நான், பாதி கரைந்த பனைவெல்லக் கட்டிபோல் இருந்த அவற்றைப் பழுதென்று எண்ணினேன். அவை கரையவேண்டும் என்பதே கருத்தாம்! இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தம்முள் இணைந்து ஒரே நீரில் மூழ்கியிருந்தால், அங்கு ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அவற்றுள் வேதிவினை மிக்க உலோகம் கரையும்; மற்றது காக்கப்படும். எஃகைவிட மெக்னீசியம் வினை மிக்கது. ஆகவே எஃகு அழியவேண்டிய இடத்தில் மெக்னீசியம் தான் அழிந்து எஃகைக் காக்கிறது. கடல்நீராயின் துத்தநாகத்தைப் பயன்படுத்துவர். நன்னீருக்கு மெக்னீசியமே ஏற்றது.

இவ்வுண்மையை முதலில் கப்பலுக்குப் பயன்படுத்தியவர், சுரங்க விளக்கைக் கண்ட அறிஞர் ஹம்ப்ரி டேவி. 1824ஆம் ஆண்டில், போர்க்கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகடு அரிக்கப்படாமல் இருப்பதற்கு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை அதனோடு இணைக்குமாறு கூறினார். செம்பு அரிக்கப்படவில்லை; அவர் கூறியது மெய்யாயிற்று. ஆனால் செம்பு சிறிது கரைந்தால்தான் அதன் நஞ்சுக்கு அஞ்சிக் கடற்சிப்பிகள் ஒட்டாதிருக்கும். கரைவது நின்றதும் சிப்பிகள் அடர்ந்து பற்றிக் கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன! கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எஃகுக் கப்பல்களும் எஃகுக் குழாய்களும் பெருகியபோது டேவியின் முறைக்கு நல்ல காலம் பிறந்தது.

மெக்னீசியக் கட்டி வழக்கத்தைவிட விரைவாகக் கரைந்தால் ஐயுறவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது கரையிலிருந்து வரும் மின்கம்பி. படகுத்துறையில் பல படகுகள் கரைமின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். உயிர்க்காப்புக்காக வைத்த தரையிணைப்புக் கம்பி அப்படகுகள் அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பக்கத்துப் படகில் காப்புக் கட்டி இல்லையாயின், நம் படகின் கட்டி அதற்கும் சேர்த்துக் கரையும். நம் வீட்டு மருந்து அண்டை வீட்டான் நோய்க்குச் செலவாவது போன்றது இது. மருந்து தீர்ந்தபின் நம் படகின் எஃகே கரையத் தொடங்கும். அதற்காகத் தரையிணைப்புக் கம்பியை அறுத்துவிடுதல் பேதைமை. மின்கசிவு நேர்ந்தால் உயிர் போகும். சிறு மின்னோட்டத்தைத் தடுத்து, ஆபத்துக் காலத்துப் பெருமின்னோட்டத்தை மட்டும் செல்லவிடும் தடுப்புக் கருவியை இடையில் பொருத்துவதே முறை.

பழைய படகை வாங்குவோர் தகட்டின் தடிப்பை ஒலியலைக் கருவியால் அளந்து பார்ப்பர். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பதும் உண்டு. எவ்விடத்தேனும் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காப்புறுதி நிறுவனத்தார் தயங்குவர்; மேலே புதுத்தகடு போர்த்துப் பற்றவைக்குமாறு கூறுவர். என் மாணவர் வாங்கிய படகுக்கும் இது நேர்ந்தது. வாங்கிய விலையில் பெரும்பகுதி அவ்வேலைக்கு மீண்டும் செலவாயிற்று என்று வருந்தினார். வண்ணப் பூக்கள் எழுதிய கதவைக் கண்டு மயங்கி வாங்கிவிட்டாராம்.

மூன்றாம் நாள் பிரான்ஸ்டன் என்னும் ஊரிலிருந்து நேப்டன் என்னும் ஊரை நோக்கிப் புறப்பட்டோம். அவ்விடைவெளியில் நீரடைப்பு ஒன்றும் இல்லை. இருபுறமும் புல்வெளி, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கால்வாயில் படகின் வேகம் மணிக்கு 4 மைலுக்கு மிகலாகாது என்பது விதி. நாங்கள் அதனினும் மெல்லவே சென்றோம். திடீரென்று படகு தளர்ந்தது. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுந்தது. சுக்கான் பிடி கையில் நடுங்கிற்று. "விசிறியில் ஏதோ சுற்றிக்கொண்டது" என்று கூறி, மாணவர் படகைக் கரைக்கு ஒதுக்கினார்.

இயந்திரத்தை நிறுத்தினார், நிறுத்தியதோடு அமையாமல் அதன் சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். கையை விசிறியருகே விட்டிருக்கும்போது வேறொருவர் தவறியும் இயந்திரத்தை முடுக்கிவிடலாகாது என்பதற்காகவாம். பின்னர், பின்புறத்தில் விசிறிக்கு நேர் மேலே உள்ள கிணறு போன்ற வாயின் மூடியைத் திறந்தார். விசிறியில் சிக்கிய களைகளை நீக்குவதற்கென்றே அமைந்த வாய் அது, களைவாய் எனலாம். அதன் விளிம்பு வெளிநீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால், திறந்தாலும் படகுக்குள் நீர் வழிவதில்லை. தோள்மட்டும் கையை விட்டு, ரொட்டி அறுக்கும் கத்தியால் அரை மணி நேரம் அறுத்தார். களையன்று, கிழிந்த கோணிச்சாக்கு ஒன்று துண்டு துண்டாக வந்தது. அக்டோபர்த் திங்களின் தண்ணீரில் அவர் கை நீலம் பாரித்தது. இரக்கத்தால் நான், "தம்பி, தேநீர் ஆறுகிறது; முதலில் வந்து குடி" என்று அழைத்தேன். அவர் மூடியை வைத்து, அதனை அழுத்தும் திருகை விரலால் மட்டும் சுற்றிவிட்டு வந்தார். தேநீர் பருகினோம், பழங்கதை பேசினோம், படகு புறப்பட்டது.

சிறிது நேரம் கழித்து, படகின் பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து நீர் சிற்றருவிபோல் விடாது கொட்டுவதைக் கண்டேன். அழகாகவே இருந்தது. அதனை அவருக்குக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அடுத்த கணமே இயந்திரத்தை நிறுத்தினார். பலகையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழங்காலளவு நீர்! இயந்திரத்தின் அடிப்பாகம் மூழ்கியிருந்தது. தளர்ந்த மூடியின் இடுக்கு வழியே, சுழலும் விசிறி நீரை மேல்நோக்கி எற்றி உள்ளே தள்ளியிருக்கிறது. உள்ளே சேர்ந்த நீரைத் தானியங்கும் இறைபொறி இயன்றமட்டும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதனையே நான் அருவி என்று வியந்தேன்.

அவர் முதலில் இயந்திரத்தை நிறுத்தியதன் நுட்பத்தை மாணவர்கள் உணரவேண்டும். விசிறி நின்றால் நீரை எற்றும் ஆற்றல் நிற்கும். களைவாயின் விளிம்பு வெளிநீருக்கு மேலே இருப்பதால் நீர் வருவதும் நிற்கும். ஆனால் இன்னும் சிறிது நேரம் ஓட்டியிருந்தால், உள்ளே சேர்ந்த நீரின் பாரத்தால் பின்புறம் தாழ்ந்து, விளிம்பே நீர்மட்டத்துக்குக் கீழே போயிருக்கும். அதன்பின் இயந்திரத்தை நிறுத்தியும் பயனில்லை. கால்வாய் தானாகவே உள்ளே இறங்கும். கால்வாய்ப் படகுகள் மூழ்குவதற்கு மூடாத களைவாய் ஒரு பெருங்காரணம் என்று அறிந்தேன். நீரை இறைத்து முடிக்க மாலையாயிற்று. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தேநீருக்கு அழைத்தவன் நான் என்பது எனக்கு மட்டும் நினைவிலிருந்து அகலவில்லை.

மறுநாள் நேப்டனின் நீரடைப்புகளை அடைந்தோம். நீரடைப்பு என்பது இருபுறமும் கதவுகளையுடைய நீள்தொட்டி. படகு உள்ளே புகுந்ததும் நீரை வெளியேற்றினால் படகு தாழும். மேற்கதவின் அடியில் உள்நோக்கி நீண்ட ஒரு கற்படி உண்டு. நீர் தாழும்போது படகின் பின்புறம் அப்படியின்மேல் நிற்குமாயின் பின்புறம் தங்கிவிட, முன்புறம் மட்டும் கீழே சாயும். அந்நேரம் கூச்சலிட்டுப் பயனில்லை. நீர் வெளியேறும் கீழ்மதகை உடனே மூடவேண்டும். பின்னர் மேல்மதகை மெல்லத் திறந்து தொட்டியை மீண்டும் நிரப்பவேண்டும். படகு தானே எழும். படி எதுவரை நீண்டுள்ளது என்பதைக் காட்டச் சுவரில் வெள்ளைக்கோடு இட்டிருக்கிறார்கள். இறங்கும்போது படகின் பின்புறம் அக்கோட்டைக் கடந்து முன்னே நிற்குமாறு படகை நிறுத்தவேண்டும்.

இயந்திரத்தின் நோயை அறிவதில் என் மாணவர், நாடி பிடிக்கும் பழைய மருத்துவரை நினைவூட்டினார். புகையின் நிறமே அவருக்கு நாடி. கரும்புகை எழுந்தால் இயந்திரம் தன் ஆற்றலுக்கு மீறி உழைக்கிறது; அல்லது காற்று போதவில்லை. முதலில் விசிறியையும் பின்னர்க் காற்று வடிகட்டியையும் பார்ப்பார். நீலப்புகையாயின் மசகெண்ணெய் எரிகிறது. உறுப்புகள் தேய்ந்துவிட்டன என்பது அதன் பொருள். குளிர்ந்த காலையில் முடுக்கியதும் சிறிது வெண்புகை எழுதல் இயல்பு. சூடேறியும் அது நீங்காவிட்டால், எண்ணெய் முற்றும் எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறுவார்.

இயந்திரம் அளவுமீறிச் சூடாவதற்குக் கால்வாய்ப் படகில் தனிக்காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான படகுகளில், எஃகுப் பக்கத்தகட்டின் உட்புறத்தோடு ஒட்டிய தட்டையான தொட்டி ஒன்று இருக்கும். இயந்திரத்தைச் சுற்றிச் சூடான நீர் அத்தொட்டி வழியே செல்லும்போது, தகட்டுக்கு வெளியே உள்ள கால்வாய் நீர் அதனைக் குளிர்விக்கும். தொட்டியின் மேற்பகுதியில் காற்று அடைபட்டால் நீர் சுற்றிவராது. இயந்திரம் ஆறியபின், தொட்டியின் உச்சியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, குறைந்த நீரை ஊற்றினால் நோய் தீரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நீரைச் சுற்றச்செய்யும் எக்கியை இயக்கும் வார்ப்பட்டை தளர்ந்ததா, அறுந்ததா என்பதையும் அப்போதே பார்த்தல் நன்று. உபரியாக ஒரு வார்ப்பட்டை இல்லாமல் அவர் படகை அவிழ்ப்பதில்லை.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் இருமித் தயங்கி நின்றால் டீசலில் நீர் கலந்தது எனக் கருதலாம். பாதி வெறுமையான தொட்டியில் குளிர்காலத்தில் காற்றின் ஈரம் பனித்து அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய சளிபோல் படர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதனால் குளிர்காலம் தொடங்குமுன் தொட்டியை நிரப்பிவைப்பர். இயந்திரம் நின்றுபோதல் படகில் வாழ்வோர்க்கு வெறும் தாமதமன்று. நிலையான துறை இல்லாத படகு, தக்க காரணமின்றி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம்.

விளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மின்கலமே துணை. ஈய மின்கலம் நிறைந்து சற்று ஓய்ந்திருக்கையில் 12.7 வோல்ட்டு காட்டும், 12.2 வோல்ட்டு காட்டினால் பாதி தீர்ந்தது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் அதன் ஆயுள் விரைவில் முடியும். மின்கலம் கெட்டது என்று பலர் புதிது வாங்கிய பின்னர்தான், கம்பி முனையில் பூத்த வெண்பூஞ்சு போன்ற உப்பே மின்னோட்டத்தைத் தடுத்தது என்று அறிவர். முதலில் முனைகளைத் துடைத்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. உறைபனிக் காலத்தில் படகைவிட்டு வெளியூர் செல்வோர் குழாய்களிலுள்ள நீரை முற்றும் வடித்து, அவற்றைத் திறந்தே வைத்துச் செல்வர். நீர் உறையும்போது பருமன் பெருகும். மூடிய குழாய் பிளந்துவிடும்.

இதுவரை நீரால் வரும் தீங்கைக் கூறினேன். ஆனால் படகில் உயிர் குடிக்கும் பகை நெருப்பின் பக்கத்திலும் இருக்கிறது. குளிருக்காகப் படகுகள் பலவற்றில் கரியோ விறகோ எரியும் கணப்பு உண்டு. படகின் உட்புறமோ சிறியது. குளிர்காற்று வருகிறதே என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டால், கரி முற்றும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி உண்டாகும். புகைக்குழலில் கரி படிந்து அடைத்தாலும், கணப்பின் கதவிலுள்ள கயிற்றடைப்பு நைந்தாலும் அது அறைக்குள் பரவும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும். களைப்பென்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போவதுண்டு. அவ்வாறு உயிரிழந்தோர் பலர். ஆதலின் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், தங்கும் வசதியுள்ள படகுகளில் அவ்வளியைக் கண்டு ஒலிக்கும் கருவி கட்டாயமாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை படகின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்றளிப்பவர்கள் இதனையும் பார்க்கின்றனர். என் மாணவர் சட்டம் வருவதற்கு முன்பே இரண்டு கருவிகளை வைத்திருந்தார். நான் தங்கிய முதலிரவில், குளிர் தாங்காமல் தலைமாட்டிலிருந்த காற்றுத்துளையை என் துண்டால் அடைத்தேன். அவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துவிட்டுத் தம் கம்பளியை எனக்குப் போர்த்திச் சென்றார்.

சமையலுக்குரிய எரிவளி வேறு வகையானது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் நீர்போல் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகவே உருளைகளை அறைக்குள் வையாமல் முன்புறத்தில் தனிப்பேழையில் வைப்பர். கசிந்த வளி வெளியே வழிந்துவிடுமாறு அப்பேழையின் அடியில் துளைகள் இருக்கும். கயிற்றுச் சுருளையோ பழந்துணியையோ அப்பேழையில் திணித்துத் துளைகளை அடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. மணம் தெரிந்தால் உருளையின் வாயை மூடி, நெருப்பை அணைத்து, மின்பொத்தான் எதனையும் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு அனைவரும் கரையேறவேண்டும்.

என் மாணவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். மசகு திருகிய நாள், எண்ணெய் மாற்றிய நாள், மின்கலத்தின் வோல்ட்டு, கண்ட பழுது, செய்த மருத்துவம் யாவும் அதில் இருந்தன. அயல்நாட்டில் ஆண்டுகள் பல கழிந்தும் அதனைத் தமிழிலேயே எழுதிவந்தார். நான் விடைபெற்ற நாளில் அதனைப் புரட்டினேன். கோணிச்சாக்குச் சிக்கிய நாளின் பக்கத்தில், நீர் புகுந்த நேரமும் இறைத்து முடித்த நேரமும் மட்டுமே இருந்தன. தேநீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு அடுத்த நாளின் பக்கத்தில், "களைவாய்த் திருகு குறட்டால் இறுக்கப்பட்டது. ஐயா இருமுறை பார்த்தார்கள்" என்று எழுதியிருந்தது.